ஒடுங்கிய உடம்பு நிமிர்வது பற்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனக்காயம், ஒடுக்குமுறை, உடம்பு மூன்றையும் சேர்த்து வைத்துப் பேசி, மூச்சு, அசைவு, பார்வை வழியாக உடல்வழிப் பயிற்சியும் செய்யும் சிறு குழுக்களைச் சில வருடங்களாக நடத்தி வருகிறேன். நான் மருத்துவர் இல்லை. குழுவுக்கு வருகிறவர்களின் கேள்விகளில் பாதி முதல் நாளே வந்துவிடும். மீதிப் பாதி, ஓரளவு நம்பிக்கை வந்தபிறகு, கிளம்பும் நேரத்தில் கதவருகே நின்றபடி மெதுவாக வரும். இரண்டு வகையையும் கலந்தே இங்கே எழுதியிருக்கிறேன்.

மனக்காயம் என்றால் மனசில்தானே இருக்கும்? இதில் உடம்பு எங்கே வருகிறது?

பயந்துபோன ஒருவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். நெஞ்சு படபடத்தது, வயிற்றைப் பிசைந்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது, கால் துவண்டது என்றுதான் சொல்வார். வெலவெலப்பு, குலைநடுக்கம், வயிற்றில் புளியைக் கரைப்பது என்று பயத்துக்கு நாம் வைத்திருக்கும் பேச்சே உடம்பிலிருந்து எடுத்ததுதான்.

அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் இதைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடம்பு செய்துகொள்ளும் ஆயத்தம் என்று விளக்கினார். ஆபத்து என்று மூளை கணக்குப் போட்ட மறுகணமே, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வேலையைத் தொடங்குகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, செரிமானம் மந்தமாகிறது, கைகால் தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. ஆபத்து விலகியதும் இதெல்லாம் அடங்க வேண்டும். அடங்காமல் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதுதான் மனக்காயத்தின் உடல் பக்கம். சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, தூக்கம் கெடுவது, ஒரு வாசனை வந்ததும் வியர்த்துக் கொட்டுவது எல்லாம் அதன் அறிகுறிகள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் இந்த நிலைக்கு 1980இல்தான் அதிகாரபூர்வமாக ஒரு பெயர் ('பி.டி.எஸ்.டி.') கொடுத்தது. அதுவும் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும் அவர்களுக்காக வாதாடியவர்களும் விடாமல் வற்புறுத்திய பிறகு.

எனக்குப் பெரிய சம்பவம் எதுவும் நடக்கவில்லை. சின்னச் சின்ன அவமானங்கள்தான். அதற்கெல்லாம் உடம்பு கெடுமா?

கெடும். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்கிற குரலில் கேட்பார்கள். அந்தக் குரலே பாதி பதில்.

ஒரு விபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு. சாதி, நிறம், பாலினம், மதம், ஊனம், வர்க்கம் என்று எதைக் காரணம் காட்டியாவது ஒருவரை நாள்தோறும் கீழே தள்ளும்போது அந்த முடிவு வருவதே இல்லை. என்ன சொல்வார்களோ, எங்கே உட்காரச் சொல்வார்களோ, பெயரைக் கேட்டதும் முகம் எப்படி மாறுமோ என்று உடம்பு எப்போதும் ஒரு காதைத் தீட்டி வைத்திருக்கிறது. நடந்த அவமானம் பத்து நிமிடம்தான். நடக்குமோ என்ற காத்திருப்பு நாள் முழுதும்.

இந்தக் காத்திருப்புக்கு உடம்பு கொடுக்கும் விலையை புரூஸ் மெக்யூவன் என்ற நரம்பியலாளரும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் 'அலோஸ்டாட்டிக் சுமை' என்று அழைத்தார்கள். அழுத்தத்தைச் சமாளிக்கச் சுரக்கும் கார்ட்டிசால் போன்றவை, நெருக்கடியில் காப்பாற்றும் அதே கையால், ஓய்வில்லாமல் சுரந்தால் ரத்தக் குழாய், சர்க்கரை அளவு, நோய் எதிர்ப்பு என்று ஒவ்வொன்றாக அரிக்கும்.

அதற்கு முந்தைய வருடம், 1992இல், பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களைப் பற்றி இதையொட்டிய ஒன்றைச் சொல்லியிருந்தார். பாகுபாட்டின் நடுவே வாழ்வதால் அவர்கள் உடல்நலம் இளம் வயதிலேயே தேயத் தொடங்கிவிடுகிறது என்றார். 'வெதரிங்' என்று பெயர் வைத்தார். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரக்கட்டை வெளிறி விரிசல் விடுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அது.

வறுமைதான் காரணம், அவமானம் இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். அவர்களுக்கு பிரிட்டனின் வைட்ஹால் ஆய்வு நல்ல பதில். 1967இல் தொடங்கி, அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோருக்கும் நிலையான வேலை, மாதச் சம்பளம். ஆனாலும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளுடையதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. படிக்கட்டில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை உடம்பு அறிந்து வைத்திருக்கிறது.

ஒடுக்குமுறை ஒருவர் உடம்பில் எப்படித் தெரியும்?

தமிழில் இந்தக் கேள்விக்குப் பாதி விடை சொல்லிலேயே இருக்கிறது. ஒடுக்குகிறார்கள், அதனால் ஒடுங்குகிறோம். ஒரே வேர். மேலே இருப்பவர் செய்வது ஒடுக்குதல், கீழே இருப்பவரின் தோளுக்கும் மூச்சுக்கும் நடப்பது ஒடுங்குதல். கூனிக் குறுகி, கைகட்டி, தலைகுனிந்து, வாய் பொத்தி என்று அடங்கி நடப்பதற்கு நம் மொழியில் உள்ளவை எல்லாம் உடம்பின் நிலைகள்தான்.

எங்கள் குழுவுக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. நாற்காலியின் முன் விளிம்பில் நான்கு விரல் அகலத்தில்தான் உட்காருவார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருப்பார். யாராவது கதவைத் திறந்தால் குதிகால் தரையிலிருந்து மேலெழும்பும், எழுந்து நிற்கத் தயாராக. மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேன், "அக்கா, நாற்காலி முழுசும் உங்களுக்குத்தானே?" அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. "முழுசா உட்கார்ந்தா எந்திரிக்க நேரமாகும்ல" என்றார். அவர் வளர்ந்த இடத்தில், எழுந்திருக்கத் தாமதமானால் அடி விழுந்திருக்கிறது. அந்த நான்கு விரல் அகலம் ஒரு கெட்ட பழக்கம் என்று எந்த உடற்பயிற்சி ஆசிரியரும் சொல்லிவிட முடியும். அது அவரைக் காப்பாற்றிய கணக்கு.

ஃபிரான்ஸ் ஃபனான் 1953இலிருந்து அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்தவர். காலனி ஆட்சியின் கீழ் வாழ்கிறவரின் தசைகள் எப்போதும் முறுக்கேறியே இருக்கின்றன என்று 1961இல் எழுதினார். அவர்களுடைய கனவுகளில் ஓட்டமும் தாவலும் நீச்சலும் வருகின்றன என்றும் குறித்தார். பகலில் அசையக் கூடாத உடம்பு ராத்திரியில் ஓடுகிறது.

அன்றைக்கு நான் ஏன் கத்தவில்லை? ஏன் ஓடவில்லை? மரம் மாதிரி நின்றேனே.

கதவருகே வரும் கேள்வி இது. பல வருடம் உள்ளே வைத்துப் புழுங்கிய பிறகு வரும்.

சண்டையும் ஓட்டமும் மட்டும்தான் உடம்பின் வழிகள் என்று நினைத்துவிடுகிறோம். இரண்டும் முடியாது என்று உடம்பு கணித்தால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: உறைந்து போவது. குரல் எழும்பாது, கைகால் நகராது, சில நேரம் நடப்பதெல்லாம் தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல இருக்கும். இதை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்குப் பிறகு அவசரச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவில் இப்படி உறைந்துபோனதாகச் சொன்னார்கள். அப்படி உறைந்தவர்களுக்குப் பின்னாளில் மனக்காயமும் மனச்சோர்வும் அதிகமாக வந்ததையும் அதில் கண்டார்கள். 'எதிர்க்கவில்லையே, அப்படியென்றால் சம்மதம்தானே' என்று கேட்கிறவர்களுக்கு உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான்காவதாக ஒன்றும் உண்டு. குழைந்து போவது, சிரித்துச் சமாளிப்பது, ஆபத்தானவரையே சமாதானப்படுத்துவது. ஒடுக்கப்பட்டவர்களிடம் அதிகம் காண்பது இதைத்தான். இதை 'அடிமைப் புத்தி' என்று திட்டுகிற நண்பர்கள் ஒரு தடவையாவது அந்த இடத்தில் நின்று பார்க்கட்டும்.

தசைக்குள் பழைய நினைவுகள் ஒளிந்திருக்கின்றன என்கிறார்களே, உண்மையா?

அப்படியே எடுத்துக்கொண்டால் உண்மையில்லை. இடுப்புத் தசையை நீட்டினால் சிறுவயது அழுகை வெளியே வந்துவிடும் என்ற ரீதியில் இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. தசை நினைவுப் பெட்டி இல்லை. கற்றுக்கொள்வது நரம்பு மண்டலம்: இந்தச் சத்தம் வந்தால் தோளை இறுக்கு, இந்த முகம் வந்தால் மூச்சை நிறுத்து. சைக்கிள் ஓட்டுவதைச் சொற்களில் நினைவு வைக்காததுபோல இதையும் வைப்பதில்லை. அதனால்தான் சம்பவம் துளியும் ஞாபகமில்லாதவருக்கும் தோள் மட்டும் இறுகும். கற்றது அங்கே என்பதால், மாற்றிக் கற்பதும் அசைவு, மூச்சு, பார்வை வழியாக ஓரளவு முடியும்.

சரி, இந்த உடல்வழிச் சிகிச்சையில் என்னதான் செய்வார்கள்?

பெயர்கள் பல. பீட்டர் லெவின் உருவாக்கிய 'சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்', பாட் ஆக்டன் உருவாக்கிய 'சென்சரிமோட்டார்' முறை, மனக்காயத்தைக் கணக்கில் கொண்ட யோகா என்று. அடிப்படையில் செய்வது ஒன்றுதான். கதையை முதலில் கேட்பதில்லை. கதை சொல்லும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனிக்கப் பழக்குகிறார்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

எங்கள் குழுவில் பெரும்பாலும் இப்படித் தொடங்குவோம். கண் திறந்திருக்கும். தலையை மெதுவாகத் திருப்பி அறையைப் பார்க்கச் சொல்வோம்: கதவு எங்கே, ஜன்னல் எங்கே, முதுகுக்குப் பின்னால் என்ன. பார்க்கக் கேலியாகத் தோன்றும் இது, இப்போது இங்கே புலி இல்லை என்று கழுத்துத் தசைகளுக்கே காட்டும் வழி. அப்புறம் பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிப்பது. பிறகு உடம்பில் ஓரளவு சுகமாக இருக்கும் இடம் எது என்று தேடுவது. காது மடலாக இருந்தாலும் பரவாயில்லை. இறுக்கமான இடத்துக்குக் கவனத்தைக் கொண்டுபோய்ச் சில நொடிகள் இருந்துவிட்டு மறுபடி அந்தச் சுகமான இடத்துக்குத் திரும்புவது. ஊசல் மாதிரி போய்ப் போய் வருவது. இதைப் பலமுறை செய்த பிறகு, இறுக்கத்துக்குள் போனால் திரும்பி வரலாம் என்பது உடம்புக்குப் புரிகிறது.

மூச்சை வெளியே விடும் நேரத்தை நீட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. உள்ளிழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும் விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. அதை நடத்துவது வேகஸ் நரம்பு. மூளைத் தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரை போகும் நீளமான நரம்பு அது. அதில் ஓடும் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம், உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. 'பயப்படாதே' என்று மேலிருந்து எத்தனை தடவை கத்தினாலும் எடுபடாதபோது, கீழிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு எடுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ம்ம்ம் என்று முனகுவதும் பாட்டை மெல்ல இழுத்துப் பாடுவதும் அதே வேலையைச் செய்கின்றன. தாலாட்டுப் பாடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த பயிற்சி வேறு ஒன்று. இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்து, முழங்கையைச் சற்று மடக்கி, நிதானமாகத் தள்ளுவது. அவ்வளவுதான். வாழ்நாளில் யாரையும் எதிர்த்துத் தள்ளியிராத ஒருவருக்கு, தள்ளும்போது தன் தொடையிலும் அடிவயிற்றிலும் எழும் பலம் புதிதாக இருக்கும். ஒருவர் தள்ளிக்கொண்டே 'வேண்டாம்' என்று சொல்லிப் பார்த்தார். முதல் தடவை குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது. ஆறாவது தடவை பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் எனக்கு இன்னும் மோசமாகிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?

இல்லை. நிறையப் பேருக்கு அப்படித்தான். உடம்புதான் ஆபத்து நடந்த இடம் என்றால், அதற்குள் திரும்பிப் போகச் சொல்வது எரிந்த வீட்டுக்குள் மறுபடி நுழையச் சொல்வதுபோல. கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். மூச்சை விட்டுவிட்டு வெளியே இருக்கும் ஒன்றைக் கவனியுங்கள்: மேசையின் விளிம்பு, துணியின் நெசவு, தூரத்து வாகனச் சத்தம். நடந்துகொண்டே செய்யலாம். தலைசுற்றல், மரத்துப்போதல், நேரம் தொலைந்துபோதல் வந்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுகிற விஷயம் இல்லை இது. பல்லைக் கடிப்பதைத்தான் ஏற்கெனவே வாழ்நாள் முழுதும் செய்திருக்கிறீர்களே.

இது பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. வேறு சிகிச்சைகளுக்கு மசியாத மனக்காயம் கொண்ட 64 பெண்களில் ஒரு பாதிக்குப் பத்து வாரம் யோகா, மறுபாதிக்கு உடல்நலக் கல்வி வகுப்பு. முடிவில் அளவிடப்பட்டவர்களில், யோகா குழுவில் 31 பேரில் 16 பேர் மனக்காய நோய்க்கான வரையறையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். மற்றக் குழுவில் 29 பேரில் 6 பேர். சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்கை வைத்து இஸ்ரேலில் 63 பேரிடம் நடத்திய ஆய்வும் (2017) நல்ல முன்னேற்றத்தைக் காட்டியது. இரண்டுமே சின்ன ஆய்வுகள்.

ஆதாரம் அதிகம் இருப்பது மனக்காயத்தை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சைகளுக்கும், ஃபிரான்சின் ஷபீரோ 1987இல் தொடங்கிய கண்ணசைவு முறைக்கும்தான். உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்ததும் இவற்றையே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உடல்வழிப் பயிற்சியாளர்கள் வாய்க்கு வாய் சொல்லும் 'பாலிவேகல் கோட்பாடு' (ஸ்டீபன் போர்ஜஸ், 1994), அதாவது வேகஸ் நரம்பின் வேறுவேறு கிளைகளே பத்திர உணர்வையும் உறைந்துபோவதையும் நடத்துகின்றன என்பது, அனுபவத்தை விளக்க வசதியான படம். அதன் உடற்கூறியல் அடிப்படையை உடலியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. படம் உதவுகிறது என்றால் பயன்படுத்துங்கள், அறிவியல் முடிவு என்று அடித்துப் பேசாதீர்கள். நானே சில வருடம் அப்படிப் பேசித் திரிந்தவள்தான்.

ஆபத்து இன்னும் போகவில்லையே? நாளைக் காலையும் அதே மேலாளர் முன்னால்தான் நிற்க வேண்டும்.

மனக்காயச் சிகிச்சை நூல்களில் பெரும்பாலானவை, ஆபத்து முடிந்துவிட்டது என்ற இடத்திலிருந்து தொடங்குகின்றன. போர் முடிந்தது, விபத்து முடிந்தது, இப்போது நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள், அதை உடம்புக்குச் சொல்லுங்கள். ஒடுக்கப்பட்டவருக்கு இது பொருந்தாது. அவருடைய உடம்பு பொய் சொல்லவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இலேயே, மீட்சியின் முதல் கட்டம் பாதுகாப்பு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்றார். பாதுகாப்பே கிடைக்காதவர் என்ன செய்வது?

நாங்கள் கண்ட நடைமுறை வழி இதுதான். கவசத்தைக் கழற்றி எறிய வேண்டாம், கழற்றவும் மாட்டவும் கற்றுக்கொள்ளலாம். மேலாளர் அறைக்குள் தோள் இறுகட்டும், அங்கே அது தேவை. வெளியே வந்ததும் படிக்கட்டில் நின்று கையை உதறி, இரண்டு நீள மூச்சு விட்டு, இறுக்கத்தைக் கீழே இறக்கிவைக்கப் பழகலாம். வீட்டுக்கு, பிள்ளையின் முகத்துக்கு, தூக்கத்துக்கு அந்தத் தோளைச் சுமந்து வராமல் இருந்தால் அதுவே பெரிய வேலை. மெக்யூவன் சொன்ன சுமையில் ஒரு பங்கு, அடங்க வேண்டிய நேரத்தில் உடம்பு அடங்காததால் ஏறுவதுதான்.

நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துப் பேசு என்று பொத்தாம்பொதுவாக அறிவுரை சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. சில இடங்களில் நிமிர்ந்ததற்காகவே அடிபட்டிருக்கிறார்கள், செத்திருக்கிறார்கள். எங்கே நிமிர்வது, யாரோடு சேர்ந்து நிமிர்வது என்று முடிவு செய்கிற உரிமை அந்த உடம்புக்குச் சொந்தக்காரருடையது.

அநியாயத்தைச் சகித்துக்கொள்ளப் பழக்குவதாகிவிடாதா இது?

ஆகிவிடும், கவனமில்லாவிட்டால். ஊழியர்களைச் சக்கையாகப் பிழிந்துவிட்டு வாரம் ஒருநாள் மூச்சுப் பயிற்சி வகுப்பு வைக்கும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பயிற்சியின் நோக்கம் அடுத்த வாரமும் பிழிவது. காயத்துக்கு மருந்து போடுகிறவர், கத்தி யார் கையில் என்று கேட்காமல் இருந்தால் இந்த முறை வெறும் மயக்க மருந்து.

அதே நேரம் எதிர்ப்பக்கத்து வாதத்தையும் நான் ஏற்பதில்லை. சமூகம் மாறட்டும், உடம்பு தானாகச் சரியாகும் என்று சொல்லும் தோழர்கள் உண்டு. அவர்களில் சிலர் நாற்பது வயதிலேயே ரத்த அழுத்த மாத்திரையோடும் தூக்கமில்லாமலும் சிடுசிடுத்துக்கொண்டும் இருப்பதைப் பார்க்கிறேன். கூட்டத்தில் ஒருவர் குரலை உயர்த்தியதும் பாதிப் பேர் உறைவதும் மீதிப் பேர் பாய்வதும் அரசியல் கருத்து வேறுபாடு மட்டும் இல்லை. எங்கள் குழுவில் கோபம் வரத் தொடங்கியவரைத்தான் நாங்கள் தேறி வருகிறவராக எண்ணுவோம். அமைதியாகிவிட்டவரைக் கொஞ்சம் கவலையோடு பார்ப்போம்.

ஒடுக்குகிறவர்களின் உடம்பு?

அதுவும் பழக்கப்பட்ட உடம்புதான், வேறு திசையில். அறைக்குள் நுழைந்ததும் ஒருவர் எழவில்லை என்றால் இன்னொருவருக்குக் காது சிவந்து தாடை இறுகுகிறதே, அவமானப்பட்டதாக உடம்பு சத்தியம் செய்கிறதே, அது எங்கிருந்து வந்தது? மினியாபொலிசைச் சேர்ந்த சிகிச்சையாளர் ரெஸ்மா மெனகெம் 2017இல் அமெரிக்காவைப் பற்றி எழுதும்போது, இனவெறி கறுப்பர், வெள்ளையர், போலீஸ்காரர் மூன்று பேருடைய உடம்பிலும் தங்கியிருக்கிறது, வாதத்தால் மட்டும் அது இறங்காது என்றார். ஏற்கலாம். ஆனால் ஒடுக்குகிறவரும் ஒடுக்கப்படுகிறவரும் சமமாகக் காயப்பட்டவர்கள் என்று அங்கிருந்து தாவக் கூடாது. ஒருவருக்குக் காது சிவக்கிறது, மற்றவருக்கு ஆயுள் குறைகிறது.

அம்மாவின் பயம் எனக்கும் வருமா?

வரும். மரபணு வழியாகவா என்ற ஆராய்ச்சி நடக்கிறது. யூத இனப்படுகொலையில் தப்பியவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் வைத்து ரேச்சல் யெஹுடா செய்த ஆய்வு பிரபலம். ஆனால் அதில் பிள்ளைகள் 22 பேர்தான், அதை வைத்துப் பெரிதாக எதையும் கட்ட முடியாது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சீருடை போட்ட ஒருவர் எதிரே வருகிறார், அம்மாவின் கை பிள்ளையின் விரல்களை நெரிக்கிறது, நடை மாறுகிறது, பேச்சு பாதியில் நிற்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாடம் முடிந்துவிட்டது.

தனியாகச் செய்வதா, குழுவாகச் செய்வதா?

முடிந்தால் இரண்டும். ஒடுக்குமுறை கூட்டத்துக்கு நடுவே நடப்பது. தனியறையில் மட்டும் ஆற்றினால், குற்றம் தன்னுடையது என்ற எண்ணம் லேசில் போவதில்லை. ஒரே தாளத்தில் நடப்பது, பறையடிப்பது, கோரஸாகப் பாடுவது, முழக்கமிடுவது எல்லாம் பல உடம்புகளை ஒரே மூச்சுக்குக் கொண்டுவருகின்றன. ஆனால் பாலியல் வன்முறை போன்றவற்றைக் குழுவில் முதன்முதலாகத் திறக்காமல் இருப்பது நல்லது. அதற்குத் தேர்ந்த ஒருவருடன் தனிச் சந்திப்பு வேண்டும்.

பயிற்சியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாரா, வேண்டாம் என்றால் முகம் மாறாமல் ஏற்கிறாரா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். சான்றிதழ் வைத்திருப்பவரிடமே நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். அழுகை வராததற்கு என் 'எதிர்ப்பு'தான் காரணம் என்று சொல்லித் தோளை அழுத்தியவர் அவர். இரண்டு நாள் தூங்கவில்லை. ஒரே அமர்வில் வேரோடு பிடுங்குவேன் என்கிறவர், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், உங்கள் சாதியோ நிறமோ பாலினமோ பேச்சில் வந்தால் 'எல்லோரும் மனிதர்கள்தானே' என்று மூடிவிடுகிறவர், மூவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடலாம்.

மனநல மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது?

சாகத் தோன்றினால் உடனே. தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், நேரமும் இடமும் அடிக்கடி தொலைந்துபோனால், குடி இல்லாமல் ராத்திரி கழியவில்லை என்றால் தள்ளிப்போடாமல். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் எல்லாம் மனசுதான் என்று விடாமல் முதலில் உடல் மருத்துவரைப் பாருங்கள். மருந்தும் உடல்வழிப் பயிற்சியும் ஒன்றுக்கொன்று பகையில்லை. தூங்கி எழுந்த உடம்புதான் எதையும் கற்கும்.

எவ்வளவு நாள் ஆகும்? முன்னேற்றம் என்பது எப்படித் தெரியும்?

நாள் கணக்குச் சொல்கிறவரை நம்பாதீர்கள். முன்னேற்றம் நேர்கோட்டில் வராது. நன்றாக இருந்த வாரத்துக்கு அடுத்த வாரமே பழையபடி தூக்கிவாரிப் போடும். கவனிக்க வேண்டியது, போட்ட பிறகு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை. முன்பு இரண்டு நாள் ஆனது இப்போது ஒரு மணி நேரம் ஆனால், ஏதோ நகர்ந்திருக்கிறது. மற்ற அடையாளங்கள் சின்னவை: சாப்பாட்டின் ருசி தெரிவது, வரிசையில் ஒருவர் இடித்துக்கொண்டு முன்னால் போனால் 'கொஞ்சம் நில்லுங்க' என்று வாய் தானாகச் சொல்லிவிடுவது.

மேலே சொன்ன அந்த அக்கா இப்போதும் வருகிறார். பை நாற்காலிக்குக் கீழே இருக்கிறது. முதுகு சில நாள் சாய்கிறது, சில நாள் இல்லை. போன மாதம் யாரோ கதவைத் திறந்தபோது பார்த்தேன். குதிகால் எழும்பியது, அவரும் அதைப் பார்த்தார், பிறகு தானே அதைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.